டீயா காபியா: சேலத்துல இருந்து வந்த கேள்விகள்

போன மாசம் இந்தப் பக்கத்து அடில ஒரே ஒரு வரி கேட்டிருந்தேன், உங்க வாழ்க்கைல டீக்கும் காபிக்கும் என்ன எடம்னு எழுதுங்கன்னு. பத்து லெட்டர் வந்தா பெருசுன்னு நெனச்சேன், ஆனா சேலத்துல இருந்தும் ஏற்காட்டுல இருந்தும் மட்டுமே கை கொள்ளாம வந்திருக்கு, அதுல பாதிக்கு மேல பொம்பளைங்க எழுதினது. நானும் இந்த ஊர்க்காரிதான், எங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல காபிப் பழம் பறிச்சவங்க, கல்யாணம் ஆகி கீழ சேலம் டவுன்ல இருக்கற குகைங்கற பகுதிக்கு எறங்கி வந்தவங்க. அதனால இந்த மாசம் முழுக்க இந்த விஷயமே போகட்டும்னு முடிவு பண்ணிட்டேன். எழுதினவங்க பேர் போடல, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: எங்க வீட்ல நாலு தறி ஓடுதுங்க. விடியக்காலம் அஞ்சு மணில இருந்து ராத்திரி வரைக்கும் ஆறு ஏழு தடவ டீ போடறேன். வீட்டாளுங்க, தறிக்கு வர்றவங்க எல்லாருக்கும் குடுத்துட்டு பாத்திரத்துல மிஞ்சறத நின்னுட்டே குடிச்சுக்குவேன். போன மாசம் தலை சுத்தல்னு டாக்டர்கிட்ட போனா ரத்தம் 8 தான் இருக்கு, டீய சுத்தமா நிறுத்துங்கன்னுட்டாங்க. ரெண்டு நாள் நிறுத்துனேன், தலைவலில உயிரே போச்சு, புள்ளைங்க மேல எல்லாம் எரிஞ்சு விழுந்தேன். ஒரு நாள்ல நான் எனக்குன்னு வாய்ல வெக்கறது அந்த டீ ஒண்ணுதாங்க. அதையும் விட்டுத்தான் ஆகணுமா?
– அம்மாப்பேட்டை வாசகி

மொதல்ல மாத்திரையப் பத்தி சொல்லிடறேன். பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழ போனாலே ரத்தசோகைன்னு கணக்கு, உங்களுக்கு 8னா அது டீய மட்டும் கொறைச்சு சரியாகற விஷயம் இல்லங்க. டாக்டர் குடுத்த இரும்புச்சத்து மாத்திரைய ஒரு நாள் கூட விடாம போடுங்க, மாசாமாசம் ரத்தம் அதிகமா போகுதுன்னா அதையும் கூச்சப்படாம அவங்ககிட்ட சொல்லுங்க, எதனால கொறையுதுன்னு பாக்காம மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு இருந்தா ஏறுன வேகத்துல எறங்கிடும். நமக்கு மட்டும் ஏன் இப்படின்னு நெனைக்காதீங்க. 2019ல இருந்து 2021 வரைக்கும் எடுத்த தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல, இந்தியாவுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு வந்திருக்கு. பாதிக்கும் மேல. ஒவ்வொரு தடவ அந்த நம்பர படிக்கும்போதும் எனக்கு மனசு கனத்துப் போகுது, ஏன்னா அது யாருன்னு எனக்குத் தெரியும், எல்லாருக்கும் போட்டுட்டு கடைசியா சாப்பிடறவங்க.

இப்ப டீக்கு வருவோம். டீ ரத்தத்த உறிஞ்சிடும்னு நம்ம பக்கம் சொல்வாங்க, அப்படியெல்லாம் இல்ல. டீல இருக்கற டானின், நாம சாப்பிடற கீரை ராகி பருப்புல இருக்கற இரும்புச்சத்த வயித்துக்குள்ளயே புடிச்சு வெச்சுக்கும், ஒடம்புல சேர விடாது, சாப்பாட்டோட சேத்து குடிச்சாத்தான் இந்தத் தொல்லை. அதனால ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியும் ஒரு மணி நேரம் பின்னாடியும் டீ காபி வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. உங்க நாள வெச்சே பாருங்க, காலைல இட்லியோட ஒண்ணு, மத்தியானம் சாப்ட்ட கையோட ஒண்ணு, அந்த ரெண்டும்தான் உங்களுக்கு பகை. மாத்திரையும் டீயோட முழுங்காதீங்க, அது போட்டதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும், தண்ணில போட்டுட்டு ஒரு மணி நேரம் தள்ளி டீ குடிங்க. சாப்பாட்டோட ஒரு துண்டு நெல்லிக்கா இல்லன்னா கீரைல கொஞ்சம் எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்குங்க, அதுல இருக்கற விட்டமின் சி இரும்புச்சத்த உள்ள சேக்க ஒத்தாசை பண்ணும்.

நீங்க ரெண்டு நாள்ல பட்ட தலைவலி உங்க மனசு பலவீனம் இல்லங்க. டீல இருக்கற காஃபின் தெனமும் ஒடம்புக்குள்ள போய் பழகிடுச்சு, அத திடீர்னு நிறுத்துனா 12 மணி நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள தலைவலி ஆரம்பிக்கும், ரெண்டாவது நாள்தான் உச்சம், சில பேருக்கு ஒரு வாரத்துக்கு மேலயும் இழுக்கும். நீங்க சரியா அந்த உச்சத்துல இருக்கும்போது தனியா மாட்டிக்கிட்டீங்க, யாரும் சொல்லித் தரல. ஏழு டம்ளர ஒரே நாள்ல சுழியமாக்காதீங்க, மூணு நாலு நாளைக்கு ஒரு டம்ளர்னு கொறைச்சுட்டே வந்து ரெண்டுல நிறுத்திக்குங்க, தலைவலி எட்டிப் பாக்காது. இந்த ரெண்டு வெச்சுக்கறேன்னு டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க, ஏன் முடியலன்னும் சொல்லுங்க. சக்கரையும் கணக்குப் போடுங்க, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்னா ஏழு டம்ளருக்கு கிட்டத்தட்ட 70 கிராம், உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல போகாதீங்க, முடிஞ்சா 25க்குள்ள நிறுத்துங்கன்னு சொல்ற எடத்துல.

ஆனா உங்க லெட்டர நான் நாலு தடவ படிச்சேன், ஒவ்வொரு தடவையும் ‘மிஞ்சறத நின்னுட்டே’ங்கற எடத்துல நின்னுட்டேன். அந்த மிஞ்சற டீ என்னன்னு யோசிச்சுப் பாத்தீங்களா, தூள் போட்டு கொதிச்சு, மத்தவங்களுக்கு ஊத்தி, ஆறிப்போய், திரும்ப அடுப்புல வெச்சு சுட வெச்சது. தூள் எவ்வளவு நேரம் தண்ணில கொதிக்குதோ அவ்வளவு டானின் எறங்கும், அதனால வீட்லயே கெட்டியான கசப்பான டீ யாருக்கு வருதுன்னா ரத்தம் கொறைஞ்சு கெடக்கற உங்களுக்குத்தான் வருது. நல்லா பதமா எறக்குன மொத டீ தறிக்குப் போயிடுது. தறி ஓட்டறவங்களுக்கு சூடா குடுக்கறது தப்பே இல்ல, குழில எறங்கி உக்காந்து நாள் பூரா கால் மிதிக்கறவங்களுக்கு அது வேணும், எங்கப்பாவும் தறில இருந்தவருதான். ஆனா எறக்குன ஒடனே மொத டம்ளர உங்களுக்கு ஊத்தி வெச்சுட்டு அப்பறம் மத்தவங்களுக்கு ஊத்துங்க. குடுத்துட்டு வந்து உக்காந்து குடிங்க. அடுப்படில உக்காராதீங்க, அங்க உக்காந்தா யாராவது ஏதாவது கேப்பாங்க, வாசப்படிக்குப் போயிடுங்க. காலைல டிபனுக்கு ஒரு மணி நேரம் முந்தி ஒண்ணு, சாயங்காலம் நாலு மணிக்கு ஒண்ணு. இந்த ரெண்டையும் யாருக்காகவும் விட்டுக் குடுக்காதீங்க.

கேள்வி: எனக்கு கல்யாணம் ஆகி நாலு மாசம் ஆகுது மேடம். பொறந்தது ஏற்காடு, எங்க வீட்ல எல்லாரும் காபிதான். இங்க மாமியார் வீட்ல எல்லாரும் டீ, காபித்தூளே வாங்கறது இல்ல. மாமியார் நல்லவங்க, கேட்டா வாங்கித் தருவாங்க, ஆனா வந்த நாலு மாசத்துல எனக்குன்னு தனியா ஒரு அடுப்பு பத்த வெக்கறதான்னு கூச்சமா இருக்கு. சின்ன விஷயம்னு தெரியுது, ஆனா காலைல எந்திரிச்சா அழுகை வருது.
– கன்னங்குறிச்சி வாசகி

இது சின்ன விஷயம் இல்ல கண்ணு. காலைல எந்திரிச்ச ஒடனே மூக்குக்கு வர்ற வாசம் மாறிப்போச்சுன்னா அந்த வீடு இன்னும் நம்ம வீடு ஆகலன்னு ஒடம்புக்குத் தெரிஞ்சுடும், நீ அழறது காபிக்காக மட்டும் இல்லன்னு உனக்கே தெரியும்.

எங்கம்மா உன்ன மாதிரியே மலைல இருந்து எறங்கி குகைக்கு வந்தாங்க. எங்கப்பா வீட்ல டீ மட்டும்தான், அதுவும் பாதி நாள் கடைல இருந்து தூக்குல வாங்கிட்டு வர்ற டீ. அம்மா ஒரு வார்த்தை சொல்லல, டீ குடிச்சு பழகிட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவ மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேல கூட்டிட்டுப் போவாங்க, பாட்டி வீட்டுக்குள்ள காலு வெச்ச ஒடனே பாட்டி ஒரு சட்டில வரக்காப்பி போட்டு வெல்லம் தட்டிப் போட்டு குடுக்கும், அம்மா திண்ணைல உக்காந்து ரெண்டு டம்ளர் குடிப்பாங்க, அப்ப அவங்க மொகத்துல இருந்த அமைதிய நான் சேலத்துல ஒரு நாளும் பாத்தது இல்ல. நான் சின்னப் புள்ள, அது ஏன்னு கேக்கத் தோணல.

அப்பறம் நான் வேலைக்குப் போய் மொத சம்பளத்துல ஒரு பித்தளை பில்டர் வாங்கிட்டு வந்தேன், அம்மாவுக்குன்னு சொல்லித்தான் வாங்குனேன். ஆனா என்ன ஆச்சுன்னா, தெனமும் காலைல எனக்கு மொத டிகாக்‌ஷன்ல கெட்டியா காபி வரும், அம்மா அதே தூள்ல மறுபடி தண்ணி ஊத்தி எறங்குன ரெண்டாவது டிகாக்‌ஷன்ல குடிப்பாங்க. எனக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நாள் ஆபீசுக்கு லேட்டாகி அவசரத்துல அவங்க டம்ளர மாத்தி எடுத்துக் குடிச்சுட்டேன், வெறும் பால் தண்ணி, லேசா காபி வாசம். ஏம்மா இப்படின்னு கேட்டா, பழகிடுச்சு, எனக்கு இதுவே போதும்னாங்க. அன்னிக்கு பஸ்ல போற வழியெல்லாம் எனக்கு ஆறல.

அதனாலதான் உனக்கு சொல்றேன், பழகிடுச்சுன்னு நீ சொல்ற நாள் வர விடாத. இன்னிக்கு ராத்திரியே உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எனக்கு காலைல காபி வேணும்னு, அதுக்கு காரணம் எல்லாம் சொல்ல வேண்டியது இல்ல. ரெண்டு பேருக்கு ஆகற சின்ன எவர்சில்வர் பில்டரும் நூறு கிராம் தூளும் போதும். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி தூள் போட்டு வெந்நி ஊத்தி வெச்சுட்டா காலைல தனியா அடுப்பே பத்த வெக்க வேண்டாம், அத்தை டீக்கு காய்ச்சற பால்லயே ஒரு கரண்டி எடுத்துக்கலாம். டிகாக்‌ஷன் ராத்திரி எறக்குனதுன்னா காலைல எறக்குன வாசம் வராதுதான், மொத ஒரு மாசத்துக்கு அது பரவால்ல. ஒரு சாயங்காலம் வீடு அமைதியா இருக்கும்போது புதுசா எறக்கி உங்க அத்தைக்கும் ஒரு டபராவுல ஆத்திக் குடுத்துப் பாரு. புடிக்கலைன்னா புடிக்கல, அவங்க டீ அவங்களுக்கு. நல்லவங்கன்னு நீயே எழுதியிருக்க, நல்லவங்ககிட்ட கேக்காம இருக்கறது அவங்களுக்கும் நாம செய்யற கொறைதான்.

கேள்வி: நான் ஏற்காடு நாகலூர் பக்கம், இப்ப பெங்களூர்ல ஒரு காபி கடைல வேலை பாக்கறேன். அங்க பாக்கெட்ல சேர்வராய்ஸ் அரபிகான்னு போட்டு நல்ல வெலைக்கு விக்கறாங்க. எங்க பாட்டி ஆயுசு பூரா எஸ்டேட்ல பழம் பறிச்சவங்க, வீட்ல அவங்க குடிச்சது வரக்காப்பிதான். இந்தக் காபி எப்படி எங்க மலைக்கு வந்துச்சு? வர்ற கஸ்டமருக்கு சொல்ற மாதிரி கொஞ்சம் சொல்லுங்க.
– பெங்களூர்ல இருந்து ஒரு ஏற்காட்டு வாசகர்

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்தவரு எம்.டி. காக்பர்ன், அவருதான் சேர்வராயன் மலைல காபிச்செடி கொண்டு வந்து வெச்சவருன்னு சொல்றது, பேரிக்கா ஆப்பிள் எல்லாமும் அவரு காலத்துலதான் மேல வந்துச்சு. அதுக்கு முன்னாடியே காபி தென்னிந்தியாவுக்குள்ள வந்தாச்சு, மெக்கா போய்ட்டு வந்த பாபா புதான் ஏழு கொட்டைய மறைச்சு எடுத்துட்டு வந்து சிக்மகளூர் மலைல போட்டாருங்கறது கன்னட நாட்டுல வழிவழியா சொல்ற கதை. நம்ம மலை கிட்டத்தட்ட 1500 மீட்டர் உசரம், ராத்திரி குளிரு, சில்வர் ஓக் மர நெழலு, அந்த மரத்து மேலயே மொளகுக்கொடி ஏத்தி விட்டிருப்பாங்க, அரபிகாங்கற காபி ரகத்துக்கு இது தோதான எடம். மார்ச் ஏப்ரல்ல ஒரு நல்ல மழை விழுந்தா எட்டு பத்து நாள்ல செடி பூரா வெள்ளையா பூத்துடும், மல்லிப்பூ மாதிரி வாசம், ரெண்டு மூணு நாள்தான் நிக்கும். அதுல இருந்து எட்டு ஒம்பது மாசம் கழிச்சு நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பழம்.

உங்க கஸ்டமருக்கு சொல்றதுன்னா இதச் சொல்லுங்க, ஒரு செடில எல்லாப் பழமும் ஒண்ணா பழுக்காது, அதனால ஒரே செடிகிட்ட மூணு நாலு தடவ போகணும், செவந்தத மட்டும் பாத்து கையாலதான் பறிக்கணும், பச்சைய பறிச்சா மேஸ்திரி சத்தம் போடுவாரு. இடுப்புல சாக்கு கட்டிக்கிட்டு சரிவுல நின்னு, மழைத்தூறல்ல, அட்டையும் கடிக்கும். அஞ்சாறு கிலோ பழம் பறிச்சாத்தான் தோல் எடுத்து கழுவி காய வெச்சு ஒரு கிலோ கொட்டை தேறும், அத வறுத்தா அதுலயும் ஆறுல ஒரு பங்கு எடை போயிடும். அப்ப உங்க கடைல இருக்கற கால் கிலோ பாக்கெட்டுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட ரெண்டு கிலோ பழம் இருக்கு, ஒவ்வொண்ணா விரல்ல கிள்ளுனது.

உங்க பாட்டி ஏன் வரக்காப்பி குடிச்சாங்கன்னு நீங்க கேக்கல, ஆனா கேட்ட மாதிரிதான் எனக்குப் படுது. நல்ல கொட்டை எல்லாம் மூட்டை கட்டி கீழ போயிடும். எங்க பாட்டி வீட்ல இருந்தது களத்துல ஒதுக்கித் தள்ளுன கருப்பு, ஒடஞ்சது, கீழ விழுந்து காஞ்ச பழம், அதத்தான் ஒரல்ல இடிச்சு ஊதி, மண்சட்டில வறுத்து, மறுபடி இடிச்சு, கொதிக்கற தண்ணில போட்டு வெல்லத்தோட எறக்குவாங்க. பால் வாங்கற அளவுக்கு கைல காசு இல்ல. அது கொறைஞ்ச ரகம்தான், ஆனா நான் இது வரைக்கும் குடிச்ச காபிலயே அந்தப் பொகை வாசம் எதுலயும் வரல.

நீங்க இந்தத் தொழில்லயே இருக்கறதால இன்னொண்ணும் சொல்றேன். சேலம் திருச்சி தஞ்சாவூர் மதுரை பக்கத்துல இருந்து நம்ம சனங்க இலங்கைக்கு கூட்டம் கூட்டமா போனாங்களே, மொதல்ல போனது காபித் தோட்டத்துக்குத்தான், தேயிலைக்கு இல்ல. 1869ல அங்க காபி எலைல துரு நோய் வந்து கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் அழிச்சுடுச்சு, அதுக்கப்பறம்தான் அதே மலைல தேயிலைய வெச்சாங்க, செடி மாறுச்சு, கொழுந்து பறிச்சது நம்ம பக்கத்து சனங்கதான். நம்ம ஊர்ல சாதாரண சனம் டீ குடிக்க ஆரம்பிச்சதும் தானா நடக்கல, 1903ல தேயிலைக்கு செஸ் வரி போட்டு அந்தக் காசுல விளம்பரம் பண்ணி, ரயில்வே ஸ்டேஷன்லயும் மில்லுலயும் டீ போட்டுக் குடுத்து பழக்கி விட்டாங்க. அதுக்கு முன்னாடி காலைல நீராகாரமும் கம்பங்கூழும்தான்.

பாட்டி இன்னும் இருக்காங்கன்னா அடுத்த லீவுல போகும்போது உங்க கடைத் தூள்ல கால் கிலோ எடுத்துட்டுப் போங்க. அவங்க பறிச்சது எப்படி இருக்கும்னு அவங்களுக்கே ஒரு தடவ தெரியட்டும். கிலோவுக்கு என்ன கூலி வாங்குனாங்க, எந்தெந்த எஸ்டேட், எந்த வருஷம் பூ நல்லா விட்டுச்சுன்னு கேட்டு எழுதி வெச்சுக்குங்க, நான் எங்கம்மாகிட்ட கேக்காம விட்டது நெறைய.

கேள்வி: காபித்தூள்ல சிக்கரி எவ்வளவு கலந்திருக்குன்னு வீட்லயே கண்டுபிடிக்க முடியுமா? சிக்கரி கெடுதலா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

கண்ணாடி டம்ளர்ல பச்சத்தண்ணி எடுத்து மேல ஒரு சிட்டிகை தூள் தூவுங்க, காபி மெதக்கும், சிக்கரி சாயத்த எறக்கிட்டே அடில போகும். எவ்வளவுன்னு துல்லியமா சொல்ல முடியாது, இருக்கா இல்லையான்னு தெரியும். பாக்கெட் தூள்னா சதவீதம் அட்டைலயே போட்டிருக்கணும், சிக்கரி கலந்த தூள்ல காபி 51 சதவீதத்துக்கு கொறையக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சிக்கரிங்கறது ஒரு செடியோட வேரு, வறுத்துப் பொடி பண்ணது, அதுல காஃபின் கெடையாது, கெடுதலும் இல்ல, டிகாக்‌ஷனுக்கு கெட்டியும் கருப்பும் குடுக்கும். ஆனா காபி வெலைல சிக்கரிய வாங்கறோமான்னு பாக்கணும். வறுத்துக் குடுக்கற கடைல கண்ணு முன்னாடி அரைச்சு வாங்குனா நீங்களே சொல்லிக்கலாம், எங்க வீட்டுக்கு 80க்கு 20.

கேள்வி: ஷிப்ட் முடிஞ்சு சாயங்காலம் ஆறரைக்கு ஐந்து ரோட்டுல பிரெண்ட்ஸோட நின்னு ஒரு ஸ்ட்ராங் காபி, அப்பறம் எட்டு மணிக்கு இன்னொண்ணு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் தூக்கம் வரல. காபிதான் காரணமா?
– சூரமங்கலம் வாசகர்

பெரும்பாலும் அதுதான் தம்பி. குடிச்ச காஃபின்ல பாதி கரையவே அஞ்சு மணி நேரம் போல ஆகும், எட்டு மணிக்கு குடிச்சதுல பாதி ராத்திரி ஒரு மணிக்கும் ஒடம்புல இருக்கும். அந்தத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்துக் கணக்குல 150 மில்லி டிகாக்‌ஷன் காபில 80ல இருந்து 120 மில்லிகிராம் காஃபின், இன்ஸ்டன்ட்ல 50ல இருந்து 65, டீல 30ல இருந்து 65, ஒரு நாளைக்கு மொத்தம் 300க்கு மேல போகக் கூடாது. பிரெண்ட்ஸோட நிக்கற அந்த அரை மணி நேரத்த விடாதீங்க, நாள் பூரா மெஷினோட நின்னவருக்கு மனுசங்களோட நிக்கறது வேணும். ஆறரைக்கு லைட்டா ஒரு டீ, எட்டு மணிக்கு சுக்கு காபி சொல்லுங்க, பேருதான் காபி, சுக்கும் மல்லியும் கருப்பட்டியும்தான், காபித்தூள் போடாம தரச் சொல்லி கேட்டு வாங்குங்க. ரெண்டு வாரம் பாத்துட்டும் தூக்கம் வரலன்னா டாக்டர பாருங்க.

கேள்வி: எங்கம்மா ஏற்காடு செம்மநத்தத்துல இருக்காங்க. அவங்க போடற காபி அவ்வளவு நல்லா இருக்கும். அதே தூள் வாங்கிட்டு வந்து சேலத்துல என் ரூம்ல போட்டா அந்த ருசி வரவே இல்ல. கைப்பக்குவம்னு எல்லாரும் சொல்றாங்க, வேற ஏதாவது காரணம் இருக்கா?
– அஸ்தம்பட்டி வாசகர்

கைப்பக்குவம் இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா தண்ணிய மறந்துட்டீங்க. சேலத்துல தண்ணி 99 டிகிரில கொதிக்கும், ஏற்காட்டு உசரத்துல 95லயே கொதிச்சுடும். அங்க அம்மா தளதளன்னு கொதிக்கற தண்ணிய அப்படியே பில்டர்ல ஊத்துனாலும் தூள் கருகாது, நீங்க இங்க அதே மாதிரி ஊத்துனா கசப்பு கூட எறங்கும். கொதிச்ச ஒடனே அடுப்ப நிறுத்திட்டு ஒரு நிமிசம் விட்டு ஊத்துங்க. அடுத்தது தண்ணியோட கொணம். நீங்க போர் தண்ணில போடறீங்கன்னா நம்ம ஊர் போர் தண்ணி உப்பு, அது காபியோட லேசான புளிப்பையும் வாசத்தையும் அமுக்கிடும், டீ போட்டாலும் மேல ஏடு மாதிரி ஒண்ணு மெதக்கும் பாத்திருப்பீங்க. மேட்டூர் தண்ணி வர்ற அன்னிக்கு ஒரு கொடம் காபிக்குன்னு தனியா புடிச்சு வெச்சுக்குங்க.

தூள் போட்டு பில்டர் தட்ட மேல வெச்சு அழுத்தாதீங்க, லேசா சமமாக்குனா போதும், அழுத்துனா சொட்டு எறங்காம நின்னு கசக்கும். இருபது நிமிசம் விடுங்க. பால ஒரு தடவதான் காய்ச்சணும், காலைல காய்ச்சுன பாலயே சாயங்காலம் சுட வெச்சு கலந்தா அந்த வாடை காபிய தின்னுடும். தூள பதினஞ்சு நாளைக்கு மேல வெச்சுக்காதீங்க, மூடி இறுக்கமா போடுங்க.

மலைல இருந்து எறங்கும்போது ஒரு கேன்ல அம்மா வீட்டுத் தண்ணிய புடிச்சுட்டு வாங்க. அதுல ஒரு டம்ளர், இங்கத்த தண்ணில ஒரு டம்ளர், ஒரே தூள், ஒரே பால், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு குடிச்சுப் பாத்துட்டு எனக்கு எழுதுங்க, எனக்கும் தெரிஞ்சுக்கணும்.

அதோட அடுத்த தடவ மேல போகும்போது காலைல அம்மாவுக்கு முன்னாடி எந்திரிச்சு, மொத டிகாக்‌ஷன்ல அவங்களுக்கு ஒரு டம்ளர் போட்டுக் குடுத்து உக்கார வெச்சு குடிக்க வெய்யுங்க. டம்ளர மாத்திக் குடிச்சுட்டு பஸ்ல அதே யோசனையோட போன அன்னிக்கு சாயங்காலத்துல இருந்து நான் எங்கம்மாவுக்கு அப்படித்தான் போட்டுக் குடுத்தேன். ஆறு வருஷம் குடிச்சாங்க.